அலாரம் அடிக்காத இடம்

சுங்கை ஊடாங்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தேவிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். மெயிலில் என் பெயரைப் பார்த்ததும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேனா என்றுதான் முதலில் தேடியிருப்பாய். இல்லை. வக்கீல் அனுப்பிய விவாகரத்துப் பேப்பர் வந்தது வந்தபடியே இருக்கிறது. போட மாட்டேன் என்று சொல்லவில்லை. போடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் மூன்றாவது வரியிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாயாண்டி அண்ணன் உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் டேங்க் யார்டில் ஆபரேட்டர். செலண்டாரிலிருந்து மோட்டாரில் வருவாரே, அவர்தான். போன மாதம் பதினொன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, நான்காம் டேங்குக்குப் பின்னால் மயங்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கெமிக்கல் வாடை குப்பென்று ஏறியது, கண் இருட்டியது, அவ்வளவுதான் தெரியும் என்கிறார்.

கம்பெனி சொல்வது வேறு. யார்டில் நாற்பத்தொரு கேஸ் டிடெக்டர் இருக்கிறது. ஒன்றுகூட அலாரம் அடிக்கவில்லை. அலாரம் இல்லையென்றால் கேஸ் இல்லை. கேஸ் இல்லையென்றால் அண்ணனுடைய சர்க்கரை வியாதிதான் காரணம். வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

அண்ணனின் மனைவி குஞ்சம்மா அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, காலையில மூணு தோசை சாப்ட்டுத்தான் போனாரு. நான்தானே சுட்டுக் குடுத்தேன். சுகர் எறங்கல லா."

அந்த டிடெக்டர்களைப் பராமரிப்பவன் நான். நாற்பத்தொன்றையும் மறுபடி சோதித்தேன். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. அண்ணன் பொய் சொல்கிறவரும் இல்லை. இந்த ரெண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் உன் நினைவு வந்தது. நீ ஓட்டைகளைப் பற்றித்தானே படிக்கிறாய்?

நேரம் இருந்தால் மட்டும் பதில் எழுது.

இப்படிக்கு,
கவிநேசன்


லைப்சிக்
17 ஏப்ரல் 2024

அன்புள்ள கவி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது. ஷாமினி கல்யாணத்தில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "என் பொண்டாட்டி ஓட்டைய எண்ணுறா, அதுக்கு வெள்ளைக்காரன் சம்பளம் குடுக்குறான்." மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். சண்டைக்காக எழுதவில்லை. இதை எழுதாமல் மற்றதை எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டும் உண்மையாக இருக்கலாம் கவி. ஒவ்வொரு டிடெக்டரும் நல்லதாகவே இருக்கும், ஆனால் அவற்றுக்கு நடுவில் எதுவும் எட்டாத ஓர் இடம் இருக்கும். வரைபடத்தில் அப்படி இல்லையே என்பீர்கள். வரைபடத்தை மூடி வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாம். எது எதோடு பேசுகிறது என்று தெரிந்தால் போதும். உங்களுடையது வயர் இல்லாத டிடெக்டர்தானே? ஒன்றின் சிக்னல் பக்கத்தில் இருப்பதற்குக் கேட்கும். சிக்னல் பவரை நன்றாகக் குறைத்துவிடுங்கள், ரொம்பப் பக்கத்தில் இருப்பது மட்டும் கேட்கிற அளவுக்கு. பிறகு ஒவ்வொன்றுக்கும் யார் யார் கேட்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். வேலியோரம் இருப்பவை எவை என்றும் குறித்து அனுப்புங்கள்.

ரெண்டு டிடெக்டர் ஒன்றையொன்று கேட்டால் நான் ஒரு கோடு போடுவேன். மூன்று ஒன்றையொன்று கேட்டால் முக்கோணம், அதை நிரப்பிவிடுவேன். அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் தரை முழுக்க யாரோ ஒருவரின் எல்லைக்குள் இருக்கும். இப்படியே போய், கடைசியில் எந்த முக்கோணத்தாலும் நிரப்ப முடியாமல் ஒரு வளையம் மிச்சமானால், அதன் நடுவில்தான் நம் சந்தேகம். டோபாலஜி என்று நான் படிப்பது இதைத்தான். இங்கே என் குழுவில் ஒருவர் இதே கணக்கை வைத்து எலும்புக்குள் இருக்கும் துளைகளைப் பார்க்கிறார். பக்கத்து மேசைப் பெண், எந்த வைரஸ் எதிலிருந்து பிரிந்தது என்பதைச் சமன்பாடுகளுக்குள் தேடுகிறாள். நீங்கள் கேலி செய்ததில் பாதி நியாயம்தான். எங்களில் பாதிப் பேர் ஓட்டையைத்தான் எண்ணுகிறோம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை இல்லை என்று இந்தக் கணக்கு சொன்னால், நிச்சயமாக இல்லை. இருக்கிறது என்று சொன்னால், இருக்கலாம் என்றுதான் அர்த்தம். யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நம் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் ரெண்டாவது அப்பளம் வைத்தவர்.

தேவிஸ்ரீ


சுங்கை ஊடாங்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள தேவிக்கு,

பட்டியலை இணைத்திருக்கிறேன், நீ வேண்டாம் என்றாலும் யார்டின் வரைபடத்தையும் சேர்த்து. லோடிங் இல்லாத சனிக்கிழமை மதியம் எடுத்தேன். சூப்பர்வைசர் பரமேஸ்வரன் வந்து, "என்ன பண்ற நீ?" என்றார். பேட்டரி டெஸ்ட் என்று சொன்னேன். நாற்பத்தொன்றுக்கும் சிக்னலைக் குறைத்து, படித்து, எழுதி, பழையபடி ஏற்றுவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. வேலியோரம் இருக்கும் பதினாலுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன்.

ஷாமினி கல்யாணம். நீ சிரித்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ அழுதது தெரியாது. தெரியாது என்று சொல்வது சமாதானம் ஆகாது என்பதும் தெரிகிறது.

அண்ணனை வாக்கர் வைத்து நிற்க வைக்கிறார்கள். நீ விசாரித்ததைச் சொன்னேன். "அந்தப் புள்ள இன்னும் அங்கதான் இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கவிநேசன்


லைப்சிக்
2 மே 2024

அன்புள்ள கவி,

மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ரெண்டு வளையம் மிச்சமாகிறது.

முதலாவது 3, 5, 11, 12 வழியாகப் போகிறது. அது ஏதோ ஒரு டேங்கையே சுற்றி நிற்பதாக இருக்கலாம். டேங்குக்குள் டிடெக்டர் இருக்காதே. அதைப் பற்றிக் கவலையில்லை.

இரண்டாவது 8, 9, 16, 22, 31 வழியாகப் போகிறது. நடுவில் எதுவும் இல்லை. இதை முடித்த பிறகுதான் உங்கள் வரைபடத்தைத் திறந்தேன். அதன்படி இந்த ஐந்துக்கும் நட்டநடுவில் 17 இருக்க வேண்டும். ஆனால் 17 இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அது பேசுவதெல்லாம் 26, 27-இடம். 17 வேறு எங்கோ இருக்கிறது கவி.

ஒவ்வொரு டிடெக்டரும் தன்னைச் சுற்றி வட்டமாகக் காக்கிறது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன்; காற்று வட்டமாக வீசாது. போய்ப் பாருங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். முகமூடி போட்டுக்கொண்டு போங்கள். பார்த்து முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை, வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள்.

தேவி


சுங்கை ஊடாங்
5 மே 2024

அன்புள்ள தேவிக்கு,

"பத்திரமாக இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினேன், கிடைத்திருக்கும். மற்றதை அதில் எழுத முடியவில்லை.

நிவேந்திரனைக் கூட்டிக்கொண்டு போனேன், என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியன். அந்த ஐந்து டிடெக்டருக்கும் நடுவில் இருப்பது நான்காம் டேங்கின் பின்பக்கம். தரை கொஞ்சம் பள்ளம். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். டேப் வைத்து அளந்தோம். எந்த டிடெக்டருக்கும் எட்டாத இடம் ஒரு பாட்மிண்டன் கோர்ட் அளவு இருக்கிறது. அண்ணன் விழுந்தது அதற்குள்தான்.

17 எங்கே இருக்கிறது தெரியுமா? பைப் ரேக்குக்கு அந்தப் பக்கத் தூணில். அங்கே கொண்டுபோய் மாட்டியது நான்.

போன ஆகஸ்டில் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டினார்கள். 22-ம் தேதி 17-ஐக் கழற்றி அங்கே மாட்டி, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். 24-ம் தேதி திருப்பி வைக்க வேண்டும். 24 நான் லீவு. அதற்கப்புறம் அது என் நினைவிலேயே இல்லை. மாதாமாதம் சோதித்திருக்கிறேன், அந்தத் தூணிலேயே வைத்து. நன்றாக வேலை செய்தது.

பரமேஸ்வரன் ஃபாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, "இப்பவே பழைய எடத்துல மாட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் லா" என்றார். நான் இன்னும் தொடவில்லை. பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் போகாதபடி வைத்திருக்கிறேன்.

நீ ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாய். அது நான் போட்ட ஓட்டை.

கவிநேசன்


லைப்சிக்
6 மே 2024

அன்புள்ள கவி,

24 என்ன நாள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னை ஏர்போர்ட்டில் விட்ட நாள். நான் சொல்லிக்கொள்ளாமலே உள்ளே போய்விட்டேன். நீங்கள் அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னபோது, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதை ஒரு சாக்காகக் கூட நீங்கள் எழுதவில்லை. அதனால் நானும் அதைச் சாக்காக எடுத்துத் தர மாட்டேன்.

என்ன செய்வதென்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணையில் கணக்கை விளக்க ஆள் வேண்டுமென்றால் வீடியோவில் வருகிறேன். எந்த நேரமானாலும் சரி.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

தேவி


சுங்கை ஊடாங்
9 ஜூன் 2024

அன்புள்ள தேவிக்கு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் அண்ணனிடம்தான் போனேன். ஃபாரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குஞ்சம்மா அக்கா, "இப்ப நீ போ தம்பி" என்றார். அந்த வாசலிலிருந்து என் கார் வரைக்கும் நடந்ததைப் போல நான் எப்போதும் நடந்ததில்லை.

விசாரணை போன வாரம். தொழில் பாதுகாப்பு இலாகா அதிகாரி இருந்தார், எங்கள் மேனேஜர்கள் மூன்று பேர் இருந்தார்கள். உன்னை வீடியோவில் கூப்பிடவில்லை. நானே சொல்ல வேண்டும் என்று பட்டது. போர்டில் நாற்பத்தொரு புள்ளி வைத்தேன். கோடு போட்டேன், முக்கோணத்தை நிரப்பினேன், நீ எழுதிய வரிசைப்படியே. ஒரு மேனேஜர் சிரித்துவிட்டு மலாயில், "கீரா லுபாங் கா?" என்றார். ஓட்டையை எண்ணினாயா என்று. மற்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். மார்க்கரைப் பிடித்தபடி நின்றேன் தேவி. காது ரெண்டும் சுட்டது. ஆறு வருஷம் நீ இப்படித்தான் என் பக்கத்தில் நின்றிருக்கிறாய் என்று அந்த இடத்தில் புரிந்தது. மன்னித்துவிடு. இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அதிகாரி சிரிக்கவில்லை. பட்டியலை வாங்கினார். மறுநாள் தானே யார்டுக்கு வந்து, பள்ளத்தையும் அதில் கேஸ் தேங்குவதையும் அளந்தார். அண்ணனுக்கு நடந்தது தொழில் விபத்து என்று எழுதிவிட்டார்கள். சர்க்கரை வியாதி என்ற பேச்சே இல்லை. குணமானதும் வேலைக்கு வரலாம். எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். அதற்குப் பிறகு ஸ்டோரில் வேலை, டிடெக்டர் பக்கமே போகக் கூடாது. நியாயம்தான்.

நேற்று அண்ணனே போன் செய்தார். "வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒன் காடி சும்மாதானே நிக்குது?" அவ்வளவுதான் பேசினார். ஏழு மணிக்கே காரோடு வந்துவிடுகிறேன் என்றேன்.

இன்னொன்று. செய்ய வேண்டியதை நான் தள்ளிப்போட்டதில் ஒரு மனிதருக்கு இடுப்பு உடைந்தது. உன்னையும் அப்படிக் காக்க வைக்கக் கூடாது. விவாகரத்துப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீலிடம் கொடுக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
கவி


லைப்சிக்
10 ஜூன் 2024

அன்புள்ள கவி,

கொடுக்க வேண்டாம்.

இந்த ரெண்டு வார்த்தையோடு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்வீர்களோ என்று பயமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எனக்கு இங்கே இன்னும் ரெண்டு வருஷம் வேலை இருக்கிறது, அதை விட மாட்டேன். உங்களிடம் கோபமும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் அந்த போர்டுக்கு முன்னால் நீங்கள் மார்க்கரோடு நின்றதை நினைத்து, காலையிலிருந்து கணக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து மேசைப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். என் கணவர் என் பாடத்தை நடத்தினார் என்று சொன்னேன். கணவர் என்றுதான் வாயில் வந்தது.

ஜூலை பன்னிரண்டு வருகிறேன், மூன்று வாரம். அம்மா வீட்டில் தங்குவதாகத்தான் முதலில் டிக்கெட் பார்த்தேன். ஆனால் வருவதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஒருநாள் கடலோரம் உம்பாய் வரை போய் மீன் சாப்பிடுவோம். பேச வருவதைப் பேசுவோம், வராததை அடுத்த நாள் பேசுவோம். நான் அங்கே இருக்கும்போது அண்ணனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் நாள் வந்தால் நானும் வருகிறேன், பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

எவ்வளவு துணி எடுத்து வருவது என்று தெரிய வேண்டும். என்னுடையது எதுவும் இன்னும் அந்த அலமாரியில் இருக்கிறதா? இல்லையென்றாலும் கோபப்பட மாட்டேன். பார்த்து எழுதுங்கள்.

உங்கள்
தேவி