இரண்டாம் வேகத்தில் ராடார்

செவ்வாய்ச் சுற்றுநிலையம் நங்கூரம்
பணிப்பதிவு: ஹெப்சிபா, டிரைவர் மென்பொருள்

ஆகஸ்ட் 12, 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் வடிகட்டி சரி. ராடார் இணைப்பு மறுபடியும் வேகம் மாறியிருக்கிறது.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் விளக்கியே எழுதுகிறேன். ராடார் கார்டுக்கும் தலைமைக் கணினிக்கும் நடுவில் ஓடும் இணைப்புக்கு மூன்று வேகங்கள். ராடாருக்கு உச்சமான மூன்றாம் வேகம் வேண்டும். நிலையம் செவ்வாயின் நிழலுக்குள் போனதும் குளிரில் கனெக்டர் சுருங்குகிறது, பிழைகள் கூடுகின்றன, டிரைவர் வேகத்தைக் குறைக்கிறது. பிழை அடங்கியதும் ஏற்றிப் பார்க்கிறது. மாறும்போதெல்லாம் இணைப்பு ஒரு கணம் அறுந்து மறுபடி கூடும். டிரைவர் என்றால் கார்டையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருள். இதை எழுதியது என் குழு. கர்வமாகத்தான் சொல்கிறேன்.

மதியம் ஞானதிரவியம் அண்ணன் செவ்வாய்த் தரையிலிருந்து கிளம்பி வருகிறார். பாறை ஆராய்ச்சிக்காரர். இந்த நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். கீழே இறங்கும்போது கல் அடித்து அவருடைய கலத்தின் ராடார் போய்விட்டது. அவர் எங்கே வருகிறார் என்று நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும். என் பேச்சைக் கேட்டு அவர் பிரேக் போடுவார், நான் பிடிகரத்தை நீட்டிப் பிடிப்பேன். எரிபொருள் ஒரே ஒரு முயற்சிக்குத்தான். தவறவிட்டால் அவரைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. காலையிலிருந்து உட்கார முடியவில்லை எனக்கு.

09:35

ஒத்திகை. செத்துப்போன செயற்கைக்கோள் ஒன்றை ராடாரில் பின்தொடர்ந்தேன். நிழலுக்குள் நுழைந்ததுதான் தாமதம், வேகம் மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. ஒவ்வொரு தடவையும் திரை இருண்டது, இலக்கு தொலைந்தது. தேடிப் பிடிப்பதற்குள் மறுபடி இருள். சனியன், ஒரு நிலையில் நிற்கமாட்டேன் என்கிறது.

அண்ணன் வந்து சேர்வது நிழல் பக்கத்தில். பூமிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சேதி போக ஒரு பதினெட்டு நிமிடம், வர ஒரு பதினெட்டு, நடுவில் அவர்கள் யோசிக்கிற நேரம் கடவுளுக்கே வெளிச்சம்.

10:50

பூமியிலிருந்து பொன்னுலிங்கம். என் குழுவில் என்னோடு இந்த டிரைவரை எழுதியவன்.

“ஹெப்சி, கனெக்டர் பக்கத்துல ஹீட்டர் வச்சுப் பாரு. முடியலன்னா அண்ணன் மேல வர்றத நாளைக்குத் தள்ளிப்போடு.”

நாளைக்காம்! அண்ணனுடைய ஆக்சிஜன் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அதுவும் கனெக்டர் இருப்பது சுவர்த் தகட்டுக்குப் பின்னால், வெளியே நடந்து போனால்தான் கை எட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது.

கீழேயிருந்து அண்ணன்:

“என்னட்டி, ஒன் டிரைவர் இன்னும் ஏறி எறங்கிட்டுத்தான் கெடக்கா? நான் மூட்டையக் கட்டியாச்சு. ஒன்னைய நம்பித்தான் வாரேன், பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மறுபடி டிரைவரைத் திறந்தேன்.

11:50

தீர்வு கிடைத்தது. இணைப்பை இரண்டாம் வேகத்தில் பூட்டிவிட்டேன். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அந்த வேகத்தில் நிழலில்கூடப் பிழை வரவில்லை.

ஆனால் உடனே வேறு தலைவலி. ராடார் அனுப்புவதில் பாதிதான் இரண்டாம் வேகத்துக்குள் அடங்கும். மீதியை டிரைவர் தவறவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு வரி: டேட்டா இழப்பு, டேட்டா இழப்பு. எங்கள் குழுவில் டேட்டாவைத் தவறவிடுவது மானக்கேடு. எவன் எழுதிய டிரைவர் தவறவிட்டதோ அவன் ஒரு வாரம் எல்லோருக்கும் டீ வாங்கவேண்டும். வந்ததை வாங்கி வைக்கவேண்டும், ஒன்றையும் கீழே போடக்கூடாது. அந்தப் பழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

அதனால் கார்டின் காத்திருப்பு வரிசையைப் பல மடங்கு பெரிதாக்கினேன். அடங்காததெல்லாம் அதில் நின்று முறைப்படி வரட்டும். சிவப்பு ஒன்றுகூட இல்லை. மாற்றத்தை எழுதிப் பூமிக்கும் அனுப்பிவிட்டேன். அப்பாடா.

13:05

அண்ணன் கிளம்பிவிட்டார். ராடாரைத் திறந்ததும் முந்நூறு கிலோமீட்டரில் பிடித்தது. படம் அசங்காமல் நிற்கிறது. பிழை இல்லை, இழப்பு இல்லை. இப்படி ஒரு சுத்தமான பதிவை நான் பார்த்ததே இல்லை.

13:20

மெதுவாக வருகிறார். திட்டத்தில் இந்நேரம் நூற்றைம்பதில் இருக்கவேண்டும். திரையில் இருநூற்று இருபத்தைந்து. எஞ்சினில் தூசி போயிருக்குமோ? இதே வேகத்தில் வந்தால் என்னை எட்டாமலே கீழே சரிந்துவிடுவார்.

எஞ்சினை எரித்து இன்னும் வேகமாகத் தள்ளச் சொன்னேன்.

“என் மீட்டர்ல எல்லாம் சரியாத்தான காட்டுது, தங்கச்சி? பிரேக்குக்கு வச்சிருக்கத எடுத்துல்லா தள்ளணும்.”

மீட்டரை நம்பாதீர்கள், ராடாரில் ஒரு பிழைகூட இல்லை என்றேன்.

“நீ பாத்துதான சொல்லுத. சரி, தள்ளுதேன்.”

13:26

“ஏட்டி, முன்னால ஒரு வெளிச்சம் தெரியுதே. ஒன் விளக்கா?”

போபோஸ் நிலாவாக இருக்கும் என்றேன். திரையில் இன்னும் இருநூறு பக்கம்.

என்னவோ சரியில்லை. என்ன என்று பிடிபடவில்லை. மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தேன்.

13:28

பொன்னுலிங்கம்.

“ஹெப்சி, மன்னிச்சிரு, ஒன் சேதிய இப்பதான் பாத்தேன். வரிசையப் பெருசாக்காத! அதுல நிக்கிறது பூராவும் பழைய படம். படத்துக்கு நேர முத்திரைய கார்டு குத்தலை, நம்ம டிரைவர்தான் வாங்கும்போது குத்துது. பழசும் புதுசு மாதிரியே காட்டும். பழசத் தூக்கிப் போடு, புதுசு மட்டும் போதும். இழப்பு வந்தா வரட்டும்.”

பாதி வேகம். பாதி வேகம் காட்டியது அவர் கலம் இல்லை. என் வரிசை.

அவர்

13:29

பிரேக் போடச் சொல்லிக் கத்தினேன். பிடிகரத்தை நீட்டும் பொத்தானை அமுக்கினேன், அது விரியவே ஐந்து நிமிடம் எடுக்கும். சன்னலுக்கு ஓடினேன்.

“தெரியுது தங்கச்சி, ஒன் சன்னலே தெரியுது. போட்டுட்டேன், முழுசாப் போட்டுட்டேன். நிக்க மாட்டங்கு.”

13:40

போய்விட்டார். சன்னலுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற மாதிரி. முகம் தெரியவில்லை, கண்ணாடியில் எங்கள் விளக்குதான் தெரிந்தது. பிரேக்குக்கு இருந்த எரிபொருளில் பாதியைத் தள்ளுவதற்கு எரிக்கவைத்தது நான். அது இருந்திருந்தால் கண்ணால் பார்த்தே நிறுத்தியிருப்பார். நிலையத்துக்குத் துரத்திப் போக எஞ்சின் கிடையாது.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வரிசை, முத்திரை, நான் பார்த்தது பழைய படம், எல்லாம்.

“சரி, அழாத. எழுதி வச்சிரு. அடுத்து வாரவன் இதே மாதிரி பண்ணிரக் கூடாது.”

அப்புறம் இரைச்சல். நடுவில் “ஹெப்சி, இருக்கியா?” என்று இரண்டு தடவை. இருக்கிறேன் அண்ணே, இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

13:54

அடுத்து வருபவருக்கு. நகர்கிற பொருளைப் பார்க்கும் இணைப்பில் வேகம் குறைந்தால் பழையதைக் கொட்டிவிடுங்கள். நேரத்தைக் கார்டே குத்தட்டும். சிவப்பு வரி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

அவர் குரல் நின்று வெகுநேரம் ஆகிறது. வரிசையைக் கொட்டும் கட்டளையைத் தட்டி வைத்திருக்கிறேன். விரல் போகமாட்டேன் என்கிறது. கொட்டினால் திரை காலியாகிவிடும்.

அதில் அவர் இன்னும் என்னை எட்டவில்லை, இப்போது ஏழு கிலோமீட்டர். பிடிகரமும் முழுசாக விரிந்து நிற்கிறது.

ஆறு.

வாங்கண்ணே. நேராத்தான் வாரீங்க. வாங்க.