புறாக் கொட்டகையின் தாழ்ப்பாள்

டாட்மர்டன், யார்க்‌ஷயர்
9 பிப்ரவரி 1998

மதிப்பிற்குரிய திரு. ரோலண்டு ஹார்வி அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிட்டுப் பிழைப்பவள் நான். நீங்கள் எழுதும் ‘சாத்தியமே இல்லை’ தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் பார்க்கிறேன். என் கணவர் கிளிஃபர்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கதை பாதி ஓடும்போதே, “அந்தப் பாதிரியார்தான்டி, அவன் முழியைப் பாரு” என்பார். ஒரு தடவைகூட அவர் கைகாட்டிய ஆள் கொலைகாரனாக இருந்ததில்லை.

சென்ற அக்டோபரில் கிளிஃபர்டு இறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் எங்கள் புறாக் கொட்டகைக்குள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதனால் அவரே தன் உயிரை முடித்துக்கொண்டார் என்று காவல்துறை சொன்னது. மரண விசாரணையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். “உள்ளே தாழ் போட்டிருக்கு, வேற யாரா இருக்க முடியும், சொல்லுங்கம்மா” என்று அந்த இன்ஸ்பெக்டர் என்னையே கேட்டார்.

போன சனிக்கிழமை உங்கள் கதையில் மணிக்கூண்டு உள்ளே தாழிட்டிருந்தது. கொன்றவனோ வெளியே நின்றபடியே தாழ் போட்டிருந்தான். அப்படியென்றால் முடியும், இல்லையா? என் வீட்டுக் கொட்டகையில் அது எப்படி நடந்திருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு யாரைக் கேட்பது?

இப்படிக்கு,
திருமதி எட்னா கார்சைட்


ஹேஸ்டிங்ஸ்
2 மார்ச் 1998

அன்புள்ள திருமதி கார்சைட்,

உங்கள் கடிதம் தொலைக்காட்சி நிலையத்தின் எல்லா மாடிகளுக்கும் போய்விட்டு இப்போதுதான் வந்து சேர்ந்தது. தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இறந்தவர்களை வைத்தே சம்பாதிக்கிற எனக்கு, நிஜமாக ஒருவரை இழந்தவருக்கு இரண்டு வரி எழுத வரவில்லை.

உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் துப்பறிகிறவன் இல்லை. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி அறையைக் கட்டுகிறவன். நிஜத்தில் அறைதான் முதலில் இருக்கிறது. அங்கே என் வித்தை எதுவும் செல்லாது. என் மனைவி பிரிசில்லா, என்னோடு இருந்த காலத்தில், “உங்களுக்குப் பூட்டைப் பத்தித்தான் தெரியும், வீட்டுல இருக்கிற மனுசங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்பாள். இப்போது அவள் கனடாவில் ஒரு பல் மருத்துவரோடு சந்தோஷமாக இருக்கிறாள்.

எனவே என்னை நம்பாதீர்கள். ஆனால் உங்களுக்கு எழுதத் தோன்றினால் எழுதுங்கள். கிளிஃபர்டைப் பற்றி எழுதுங்கள். படிப்பேன்.

உங்கள்,
ரோலண்டு ஹார்வி


டாட்மர்டன்
15 மார்ச் 1998

அன்புள்ள திரு. ஹார்வி,

நீங்களே கைப்பட எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடி சுருட்ட வந்த மேவிஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உனக்கு வந்த யோகத்தைப் பாரேன்” என்றாள். இத்துடன் இஞ்சி கேக் அனுப்பியிருக்கிறேன். நான்கு நாள் வைத்திருந்து சாப்பிட்டால்தான் ருசி. கொட்டகையை வரைந்தும் வைத்திருக்கிறேன். கதவு, தாழ்ப்பாள், புறாக்கள் வந்துபோகும் சின்ன ஜன்னல், எல்லாம் அதில் இருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். “தட்டு ஆறுது, வாங்களேன்!” பதில் இல்லை. அவருடைய தம்பி பெர்சி பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்தார். “பெர்சி, உங்க அண்ணனைக் கொஞ்சம் தட்டி எழுப்புங்க, புறாவோட பேச உட்கார்ந்துட்டாரு” என்றேன். அவர் தட்டினார். பிறகு பலகை ஒன்றைப் பெயர்த்து உள்ளே போனார். வெளியே வந்து, “நீ வீட்டுக்குள்ள போ எட்னா” என்றார். நான் போனேன்.

கிளிஃபர்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு பேச்சுக் கொஞ்சம் குறைந்துபோனது, அவ்வளவுதான். சாப்பாடும் குறைந்தது. விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துகொள்வார். அந்த வயதில் எல்லோரும் அப்படித்தானே? என்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் என்னிடம் சொல்லாமல் போவாரா?

படத்தைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

அன்புடன்,
எட்னா


ஹேஸ்டிங்ஸ்
6 ஏப்ரல் 1998

அன்புள்ள எட்னா,

கேக்கை நான்கு நாள் வைத்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

படத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் மேசை இழுப்பறையில் போட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். பிறகு என் சமையலறைக் கதவில் ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தினேன். வீட்டுச் சொந்தக்காரர் அந்தச் சேதத்தை வாடகையோடு சேர்த்துக் கேட்பார்.

முடியும் எட்னா. தாழ்ப்பாளின் குமிழில் தூண்டில் நரம்பை மடித்து மாட்டி, இரண்டு முனைகளையும் அந்தப் புறா ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று இரண்டையும் சேர்த்து இழுத்தால் தாழ் விழும். ஒரு முனையை விட்டுவிட்டு மறு முனையை இழுத்தால் நரம்பு கையோடு வந்துவிடும். ஒரு தடயமும் மிஞ்சாது. என் கதவில் நாலாவது முயற்சியில் விழுந்தது. சின்னப் பையன் மாதிரிக் கைதட்டிக்கொண்டேன்.

இது நடந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நடந்தது என்று சொல்லவில்லை. தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அன்புடன்,
ரோலண்டு


டாட்மர்டன்
10 மே 1998

அன்புள்ள ரோலண்டு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று, அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன்.

எழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்று அங்கே இருந்தது யார்? பெர்சி. தூண்டில் நரம்பு யாரிடம் இருக்கிறது? வாரம் தவறாமல் கால்வாயில் மீன் பிடிக்கிற பெர்சியிடம். போன கோடைப் பந்தயத்தில் யாருடைய புறா முதலில் வந்தது என்று அண்ணன் தம்பி இருவரும் சண்டை போட்டு, இலையுதிர்காலம் வரை பேசாமல் இருந்தார்கள். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

புறாக்காரர்கள் சங்கத்தில் தேநீர் விருந்து நடந்தபோது எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். “எங்கே பெர்சி அந்தத் தூண்டில் நரம்பு? எங்க வீட்டுக்காரரை என்ன பண்ணினீங்க?” பெர்சியின் மனைவி டோரீன், “உனக்குப் புத்தி பிசகிப்போச்சா எட்னா!” என்று கத்தினாள். பெர்சி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குற்றம் செய்யாதவன் மறுத்துப் பேச மாட்டானா?

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆனால் ஊரில் பாதிப் பேர் என் பக்கம். பெர்சியின் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டார்கள். எந்த வார்த்தை என்று உங்களுக்கே தெரியும்.

என்றும் நன்றியுடன்,
எட்னா


ஹேஸ்டிங்ஸ்
13 மே 1998

அன்புள்ள எட்னா,

உடனே இதை நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மனிதரைப் பற்றி இனி யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். எங்கள் தொடரில் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட ஒருவர், கதவை இழைக்க ஒருவர், நரம்பு சிக்கினால் மறுபடி எடுக்க ஒரு நாள் முழுக்க என்று எல்லாம் இருக்கும். உங்களுக்கு நான் எழுதி அனுப்பியது ஒரு விளையாட்டு. அதை உங்கள் கையில் கொடுத்திருக்கவே கூடாது.

நான் வருகிறேன். அந்தக் கதவை நானே பார்க்க வேண்டும். எந்த நாள் வரலாம் என்று சொல்லுங்கள்.

ரோலண்டு


டாட்மர்டன்
18 மே 1998

அன்புள்ள ரோலண்டு,

வாருங்கள். முப்பதாம் தேதி சனிக்கிழமை முடி வெட்ட யாரையும் வரச் சொல்லவில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை இடமே இருக்காது. டோரீனின் சொந்தக்காரர்கள் இப்போது முடி வெட்டக் கீழ்த்தெருவுக்குப் போகிறார்கள். போகட்டும். ஸ்டேஷனிலிருந்து பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் பச்சைக் கதவு. நீங்கள் பார்த்துச் சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

எட்னா


ஹேஸ்டிங்ஸ்
4 ஜூன் 1998

அன்புள்ள எட்னா,

பன்றித் தொடை சாண்ட்விச்சுக்கும், நான் மறுத்தும் மறுபடி மறுபடி ஊற்றிய தேநீருக்கும் நன்றி. உங்களைப் பார்க்கும் வரை நீங்கள் எனக்கு வெறும் கையெழுத்து. கிளிஃபர்டின் மழைக்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்தேன். அதைத் தள்ளிவிட்டு என் கோட்டை மாட்ட மனசு வரவில்லை.

கொட்டகையிலிருந்து திரும்பி வந்ததும், “என்ன, முடியும்தானே?” என்று கேட்டீர்கள். “யோசிக்கணும்” என்றேன். யோசிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கதவு தொங்கிப்போயிருக்கிறது எட்னா. சாத்தினால் தாழ்ப்பாள், துளைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. உள்ளே நின்று, குறுக்குச் சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் போகும். தோள் படும் இடத்தில் மரம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நானும் தோளைக் கொடுத்துத்தான் போட்டேன். நரம்பால் முடியாது. வேறு எதனாலும் முடியாது. உள்ளே இருந்தவர்தான் அந்தத் தாழைப் போட்டார்.

பெர்சி எதுவும் செய்யவில்லை. அவருக்கும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்குப் புறாக் கொட்டகையை வைத்து ஒரு கதை எழுதத் தொடங்கியிருந்தேன். தயாரிப்பாளருக்கு மிகவும் பிடித்திருந்தது. நேற்று அதைக் கிழித்துப் போட்டேன். இதற்காக என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். தொடங்கினேன் என்பதுதான் உண்மை.

உங்களுக்கு விருப்பமானால் மறுபடி வருகிறேன், கதவுக்காக இல்லாமல்.

ரோலண்டு


ஹேஸ்டிங்ஸ்
20 ஜூலை 1998

அன்புள்ள எட்னா,

பதில் இல்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். அதுவும் முடியாவிட்டால் வெற்று உறையையாவது அனுப்புங்கள்.

ரோலண்டு


டாட்மர்டன்
13 செப்டம்பர் 1998

திரு. ஹார்வி அவர்களுக்கு,

கதவு தொங்கிப்போனது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய குளிர்காலத்திலிருந்தே தெரியும். “அந்தக் கதவை எப்போதான் சரி பண்ணப்போறீங்க?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! “தோள் இருக்கே, அது போதும்” என்பார். உங்களுக்கு வரைந்து அனுப்பியபோது கதவை நேராக வரைந்தேன். கை தானாக அப்படி வரைந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை, நான்தான் வரைந்தேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு வெகு நாள் யாரையும் பார்க்கவில்லை. போன வாரம் பெர்சியின் வீட்டுக்குப் போனேன். கதவை டோரீன்தான் திறந்தாள். அந்தச் சாயத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், ஆனால் நிழல் மாதிரி இன்னும் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் சாத்தப்போனாள். “விடு டோரீன், நிக்கட்டும்” என்று உள்ளேயிருந்து பெர்சியின் குரல் கேட்டது.

வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் என் காலணியைப் பார்த்தபடியே சொன்னார்:

“எனக்கு அன்னைக்குக் கேட்டுச்சு எட்னா. கதவைத் தூக்கின சத்தம், அப்புறம் தாழ் விழுந்த சத்தம். பாத்தியில நின்னுக்கிட்டு இருந்தேன். பூனைக்காகத்தான் சாத்திக்கிறான்னு நினைச்சேன். போலீஸ்ல சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.”

“அப்படின்னா சங்கத்துல நான் அவ்வளவு பேசினப்போ ஏன் சும்மா போனீங்க? கதவுல அப்படி எழுதினப்பகூட ஏன் பேசல?”

“நீ என்மேல கோபமா இருந்தா அவன்மேல கோபப்பட மாட்டேல்ல, அதான்.”

அப்போதுதான் எனக்கு வந்தது, திரு. ஹார்வி. ஒரு வருஷமாக வராதது. கிளிஃபர்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேனே, பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். டோரீன் அழுதுவிட்டாள். பெர்சி என்னைத் தடுக்கவில்லை.

இப்போது காலையில் புறாக்களுக்குத் தீனி போட அவர் வருகிறார். வீட்டுக்குள் வருவதில்லை. பின்படியில் தேநீர் வைப்பேன். நான் உள்ளே போன பிறகு குடித்துவிட்டு, கோப்பையைக் குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டது நான். நீங்கள் நல்ல மனசோடுதான் எல்லாம் செய்தீர்கள். ஆனால் இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்துள்ள உறையைக் கதவடியில் பார்த்தால், வேறு ஏதாவது வழி இருக்குமா என்று மறுபடியும் கேட்டுவிடுவேன்.

எட்னா கார்சைட்