அழுதால் பாட வேண்டாம்

நாள் 412. காலை 07:10. வாய்ப்பதிவு.
காற்றழுத்தம் எழுபது. ஆக்சிஜன் இருபத்து நான்கு சதம். உள்வெப்பம் பத்தொன்பது. நேற்று தோண்டிய பனிக்கட்டி முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. செவ்வாயின் வடமுனையில் உள்ள இந்த நிலையத்தில் இப்போது நான் ஒருத்திதான், பொறியாளர் வடிவம்மாள். கணவர் ஆவுடையப்பன் இரண்டு துளைக்கருவிகளில் உடைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு தெற்கே தலைமை முகாமுக்குப் போயிருக்கிறார். பத்து நாளில் திரும்பிவிடுவார். பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நாளுக்கு மூன்று வேளை இந்தப் பதிவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. எழுதினால் மூச்சுத்திணறல் தெரியாதாம், குரலில் தெரிந்துவிடுமாம். குரல் குழறினால் முகாமில் மணி அடிக்கும். ஆளில்லாத அறையில் செய்தி வாசிப்பவளைப் போல ஒரு வருடத்துக்கு மேலாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் இரண்டு சொல் சொல்ல வேண்டும். சொல்கிறேன். நிலையம் சீர்.

நாள் 415. பிற்பகல் 14:40. வாய்ப்பதிவு.
புழுதிப்புயல் தொடங்கிவிட்டது. வெளியே கை நீட்டினால் கை தெரியாது. ஆக்சிஜன் இருபத்து நான்கு. எனக்கு நீர்க்குடம் உடைந்துவிட்டது. முகாமின் செவிலி எஸ்தர் அக்கா ரேடியோவில் இருக்கிறார். நிலையம் சீர் என்று இப்போது சொல்லலாமா என்று தெரியவில்லை.

நாள் 416. காலை 09:05. தட்டச்சு.
பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். மருத்துவ அறையின் இயந்திரக் கைகள் பிடித்து எடுத்தன, எஸ்தர் அக்கா வழி சொன்னார், நான் கத்தினேன். நுரையீரல் முற்றவில்லை என்பதால் உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. பெட்டிக்குத் தனிக் காற்று, தனிச் சூடு, பாலூட்டவும் துடைக்கவும் இரண்டு சின்ன இயந்திரக் கைகள்.

குழந்தை தூங்குவதால் பதிவைச் சத்தமில்லாமல் தட்டச்சு செய்துகொள்ள முகாமில் அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

நாள் 421. காலை 08:30. தட்டச்சு.
முகத்தைப் பார்த்ததும் பால் ஊறும், மனம் பொங்கும் என்றார்கள். பால் ஊறியது. கண்ணாடி வழியே பார்க்கிறேன். மூக்கு ஆவுடையப்பனுடையது. என் குழந்தை என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசுக்கு எட்டவில்லை. புதிதாக வந்த ஒரு கருவியைக் கவனிப்பது போலத்தான் கவனிக்கிறேன். இதை முகாமில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

நாள் 430. மாலை 16:00. தட்டச்சு.
நாளுக்கு நான்கு மணி நேரம் பெட்டியை விட்டு வெளியே எடுக்கலாம் என்றார்கள். எடுத்தேன். நான்கு மணி நேரமும் அழுதாள். திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். இயந்திரக் கை தொட்டதும் அடங்கிவிட்டாள். அந்தக் கைக்கு எண்ணெய் போடுகிறவள் நான்தான். இரும்பின் மேல் எனக்குப் பொறாமை.

நாள் 433. காலை 10:15. தட்டச்சு.
புயலின் நடுவே ரேடியோ கிடைத்தது. எஸ்தர் அக்கா பேசியதை அப்படியே இங்கே சேர்க்கிறேன்:

"ஏளா வடிவு, நீ எழுதுனதப் படிச்சேன். ஒனக்கு ஒண்ணும் கோட்டி புடிக்கல, கேட்டியா. நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும். எனக்கே ரெண்டாவது மவன் மேல ஆசை வர நாலு மாசம் ஆச்சு. வெளிய சொல்லல, அம்புட்டுதான். நீ பிள்ளைய நெஞ்சில போட்டுக்கிட்டு ஒரு பாட்டுப் படி. ஒங் கொரலு அதுக்குப் பழகணும்லா."

பாடினேன். எனக்குப் பாட்டு வராது. ஆனாலும் பாடினேன். முகம் கருநீலமாகும்வரை வீறிட்டாள். பிறகு நானும் அழுதேன். இரண்டு பேர் அழுவதைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

நாள் 440. பிற்பகல் 13:20. தட்டச்சு.
ஆவுடையப்பனின் செய்தி:

"வடிவு, புயல் கொஞ்சம் கொறஞ்சா அன்னைக்கே பொறப்பட்டுருவேன். பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க? இங்க எல்லாரும் கேக்காவ."

பதில் அனுப்பவில்லை. பெயர் வைக்கிற அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் இல்லை. நேற்று அவள் அழுதபோது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போய்ப் பம்புகளைத் துடைத்தேன். அவள் வேறு யாருக்காவது பிறந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படி நினைத்தவள் நான்தான் என்று எழுதிவைக்கிறேன்.

நாள் 447. காலை 11:30. தட்டச்சு.
நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஏழு மணிக்கு நீர்ப்பம்பின் குழாய் விட்டுப்போனது. இரண்டு கையும் முழங்கைவரை குழாய்க்குள். தரையில் விரித்த மெத்தையில் அவள், வழக்கம்போல் அலறல். பதிவு நேரம் வந்துவிட்டது. தட்டக் கையில்லை. அதனால் வாயால் சொன்னேன். காற்றழுத்தம் எழுபது, ஆக்சிஜன் இருபத்து நான்கு, உள்வெப்பம் பதினெட்டு.

அழுகை நின்றது. மூச்சுத்தான் நின்றுவிட்டதோ என்று குழாயை விட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் கூரைவரை அடித்தது. அவள் கண்ணை அகல விரித்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகப்பட்டு ஒரு பாட்டுப் பாடினேன். உதடு கோணியது. உடனே பனிக்கட்டி எடையைச் சொன்னேன். கோணிய உதடு நேரானது.

வயிற்றில் இருந்த அத்தனை மாதமும் நாளுக்கு மூன்று வேளை இதைத்தானே கேட்டாள்? அவளுக்குத் தெரிந்த அம்மா இந்தச் செய்தி வாசிப்பவள்தான். பிறந்த அன்றே அந்தக் குரலை நிறுத்தியது நான். தூக்கம் கெடக் கூடாது என்று, நல்லது செய்கிறேன் என்று நிறுத்தினேன். முப்பத்தோரு நாள் என்னைத் தேடித்தான் அழுதிருக்கிறாள். மண்டையை எங்கே போய் முட்டிக்கொள்வது.

நாள் 447. மாலை 18:00. வாய்ப்பதிவு.
காற்றழுத்தம் எழுபது. ஆக்சிஜன் இருபத்து நான்கு. மடியில் ஒரு ஆள். எடை இரண்டே முக்கால் கிலோ. பால் குடித்துக்கொண்டே கேட்கிறாள். 'நிலையம் சீர்' வந்ததும் தூங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன், மத்தியானமும் அப்படித்தான் செய்தாள். எனவே மெதுவாகச் சொல்கிறேன். நிலையம் சீர்.

நாள் 451. காலை 07:10. வாய்ப்பதிவு.
புயல் மெலிந்திருக்கிறது. செய்தி: "வடிவு, பொறப்பட்டுட்டோம்! நானும் எஸ்தர் அக்காவும். புழுதி இன்னும் கெடக்கு, மெல்லத்தான் வரணும். பதினாறு நாள் ஆவும்."

பெயரை அனுப்பிவிட்டேன். குழல்வாய்மொழி. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர். இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு நீளமா என்று அவர் சிரிப்பார். கூப்பிடக் குழலு போதும். இன்று பனிக்கட்டி எடை சொன்னபோது குழலு சிரித்தாள். வாயுவாக இருக்கும் என்பார் எஸ்தர் அக்கா. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிலையம் சீர்.

நாள் 455. காலை 08:00. வாய்ப்பதிவு.
ஆக்சிஜன் உண்டாக்கும் இயந்திரத்தின் தகடு வெடித்துவிட்டது. புழுதி உள்ளே போயிருக்கிறது. மாற்றுத் தகடு தலைமை முகாமில். காற்றழுத்தம் எழுபது. ஆக்சிஜன் இருபத்து மூன்று. ஒட்டிப் பார்க்கிறேன்.

நாள் 455. பிற்பகல் 15:30. தட்டச்சு.
ஒட்டவில்லை. புழுதியில் எவ்வளவு விரட்டினாலும் வண்டி வர இன்னும் பன்னிரண்டு நாள். இருக்கும் உருளைகள், வெளியே போகும் உடையில் உள்ள குப்பி எல்லாவற்றையும் கூட்டினால் இருவருக்கும் மூன்று நாள்தான் வரும். பெட்டிக்கு நான் சுவாசிப்பதில் ஆறில் ஒரு பங்கு போதும். பன்னிரண்டு நாளுக்கு அவளுக்கு ஒதுக்கிவிட்டால் எனக்கு ஒன்றரை நாள். நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கில் நான் தப்புச் செய்வதில்லை.

இதை வாயால் சொல்லாமல் தட்டச்சு செய்கிறேன். என் குரல் சரியில்லை, அவள் விழித்திருக்கிறாள்.

நாள் 456. காலை 10:00. தட்டச்சு.
கதவைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் இதைப் படியுங்கள். உருளைகளெல்லாம் பெட்டியோடு இணைத்தாயிற்று. பால்மாவு இருக்கிறது. இயந்திரக் கைகளுக்குப் புது எண்ணெய் போட்டுவிட்டேன். அவற்றின் மேல் இப்போது கோபமில்லை. முதல் நாளிலிருந்து நான் சொன்ன வாய்ப்பதிவுகளைப் பெட்டியின் ஒலிபெருக்கியில் நாளுக்கு மூன்று வேளை ஒலிக்க வைத்திருக்கிறேன்.

வெளியே எடுத்ததும் அழுவாள். அழுதால் பாட வேண்டாம். கொஞ்சவும் வேண்டாம். இந்தப் பதிவை எடுத்து முதல் நாளிலிருந்து வாசியுங்கள், காற்றழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று. அவசரப்படாமல், ராகமில்லாமல். 421ஆம் நாளையும் 440ஆம் நாளையும் விட்டுவிடலாம் என்று முதலில் எழுதினேன். இப்போது அழிக்கிறேன். வளர்ந்த பிறகு அதையும் அவள் படிக்கட்டும். அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்து மனம் பொங்காமல் போனால், தன் அம்மாவுக்கும் முப்பத்தோரு நாள் அப்படித்தான் இருந்தது என்று தெரிய வேண்டும்.

எனக்கு அவளோடு கிடைத்தது பத்து நாள். போதாது. கொஞ்சமும் போதாது.

நாள் 457. காலை 09:40. வாய்ப்பதிவு.
காற்றழுத்தம் அறுபத்தொன்று. ஆக்சிஜன் பதினொன்று. பெட்டிக்குள் இருபத்து நான்கு. பெட்டியின் கையுறைத் துளைக்குள் என் கை இருக்கிறது. ஒரு விரலைப் பிடித்திருக்கிறாள். குரல் நடுங்கினால் கண்டுபிடித்துவிடுகிறாள், அதனால் நடுங்காமல் வாசிக்கிறேன். முகாமில் மணி அடிக்கும். அடிக்கட்டும். நேற்று தோண்டிய பனிக்கட்டி ஒன்றுமில்லை. இருந்தாலும் அவளுக்கு எடை பிடிக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

நாள் 457. காலை 10:20. வாய்ப்பதிவு.
காற்றழுத்தம் அறுபது. ஆக்சிஜன்... ஒன்பது. எட்டோ. எழுத்து மங்கலாக இருக்கிறது. பெட்டி இருபத்து நான்கு. பெட்டி இருபத்து நான்கு. கண் சொக்குகிறது அவளுக்கு. விரலை இன்னும் விடவில்லை. குழலு, அம்மா மெதுவாகச் சொல்கிறேன். நிலையம் சீர். நிலையம் சீர். நிலை