தாடிக்காரரைத் தொடர்ந்த கண்கள்

அன்புள்ள அக்கா,

நள்ளிரவாகிவிட்டது. உனக்கு எழுதாமல் தூக்கம் வராது.

எலியா பிறந்து மூன்று மாதமாகியும் அவனுக்குக் கண் தெரியவில்லையோ என்று பயந்துகொண்டிருந்தேன். என் முகத்துக்கும் திரும்பவில்லை, கிலுகிலுப்பைக்கும் திரும்பவில்லை. திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று மாலை நானும் என் வீட்டுக்காரரும் அலமாரியை நகர்த்தினோம். நீ மடத்தில் சேரும்போது கொடுத்துவிட்டுப் போன படம் பின்னால் கிடந்தது. செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான். மலையடியில் தியானத்தில் இருக்கும் இரண்டு துறவிகள். அதை நான் மாட்டவே இல்லை. நீ மடத்துக்குப் போனதில் எனக்கிருந்த கோபம் உனக்குத் தெரியும்.

ருஜேரோ அதைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். எலியாவின் கண்களும் கூடவே போயின. திரும்பி வந்தார், அவையும் திரும்பின.

"கலர் கலரா பொம்மை வாங்கியாந்தேன், சீண்டல. தாடிக்காரக் கிழவனுங்கள மொறைக்கிறான் பாரு. உங்கக்கா மாதிரி இவனும் மடத்துக்குத்தான் போவான்."

"போகட்டும். வழியப் பாத்துக்கிட்டே போகட்டும்."

நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு சியெனாவுக்கு வருகிறோம். மடத்துப் பார்வையாளர் அறையில் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார். வெள்ளை அங்கியும் கறுப்பு முக்காடுமாக உன்னைப் பார்த்தால் கண்ணை எடுக்கமாட்டான்.

அந்த உடையில் உன்னை நானும் இன்னும் பார்த்ததில்லை.

உன் தங்கை