பல்டு மாமாவின் விளக்கு

ஜினுக்,

சித்தியோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வர சாயந்திரம் ஆகும். பாப்தா மீன் குழம்பு இருக்கிறது. மூடிமேல் இருக்கும் குழவியை எடுத்தால் திரும்ப வை, பூனை சுற்றுகிறது.

எங்கள் கல்யாண வீடியோவைப் பற்றி உன் சினிமா வகுப்புக்கு எழுதியதை நேற்றுச் சாப்பாட்டில் படித்துக் காட்டினாயே, "பொண்ணு தன் முகத்த மறைச்ச வெத்தலைய விலக்கி ரெண்டு பேரும் முகம் பாக்குற நேரத்துலகூட மாப்பிள்ளை வேற எங்கயோ பாக்குறார், வேண்டாவெறுப்பு" என்று! அதனால்தான் உன் பாபா பாதிச் சோற்றில் எழுந்துபோனார். நானும் உன்னைத் திட்டினேனே தவிர, காரணம் சொல்லவில்லை.

அன்று விடியலிலிருந்து நான் கல்யாண விரதத்தில் பட்டினி. வீடியோ எடுத்த பல்டு மாமா பெரிய விளக்கை என் முகத்துக்கு நேரே வைத்துவிட்டார். நெற்றிச் சந்தனம் வழிந்து கண்ணில் இறங்கியது. பாபா அவரை முறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "விளக்கைத் திருப்புடா பல்டு, அவ மயங்கி விழுந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பல்டு மாமா பிறகு வீடியோவில் அந்தக் குரலை நீக்கிவிட்டு ஷெனாய் இசை போட்டுவிட்டார்.

படத்துக்கு வெளியே இருப்பதையும் யோசிக்கவேண்டும் என்று நீதானேடி எனக்குச் சொன்னாய்?

பாபா மதியம் வருவார். நீயே சோறு போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்படுவார்.

— மா

இன்னொன்று. சாப்பிடும்போது உன்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்ப்பார். கோபம் என்று எழுதிவிடாதே. உன் முகத்தில் வெயில் அடிக்கிறதா என்று முதலில் பார்.