இரண்டு மில்லிமீட்டர் வளைவு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நலம் என்ற சொல்லைப் போட இந்தத் தடவை கை வரவில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சும் குறைந்திருக்கிறது, முன்பு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், இப்போது இரண்டு. உன் தங்கைக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, கணக்கை மட்டும் கேட்காதே என்கிறாள். இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போனை வைக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

அந்த ஷாஃப்ட், நம் பட்டறையில் கடைந்த அந்த எஃகுத் தண்டு, உடைந்தது நீ கம்ப்யூட்டர் லேத்துக்கு எழுதி அனுப்பிய புரோகிராமால் இல்லை, என்னால். நீ அனுப்பியது டிராயிங்படி சரியாகத்தான் இருந்தது. தடித்த பாகம் முடிந்து மெல்லிய பாகம் தொடங்குகிற அந்த உள்மூலையில் இரண்டு மில்லிமீட்டர் வளைவு வேண்டும் என்று போட்டிருந்தது, நீயும் அப்படியே கொடுத்திருந்தாய். சோதனைக்கு இரண்டு ஷாஃப்ட் மெஷினில் ஓட்டினோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் வண்டி செய்கிறாரே, அவர் மறுநாளே இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார். சரியா உக்காரலக்கா, காகிதம் நுழையற அளவுக்கு இடைவெளி நிக்குது என்றார். ஷாஃப்டை மாட்டுகிற அவருடைய தகட்டின் துளை விளிம்பு கூர்மையாக இருந்தது, நம் வளைவு அதில் போய் இடித்தது. விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் எல்லாத் தகட்டுக்கும் பெயின்ட் அடிச்சாச்சு, நீங்களே ஏதாவது பண்ணுங்க என்றார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இருபது வருஷம் லேத்தில் நின்றவள் ஒரு மூலைக்காகப் பெற்ற பிள்ளையிடம் போய் நிற்பதா என்று இருந்தது. மெஷின் முன்னால் நின்று அந்த இரண்டை அழித்துவிட்டுப் புள்ளி மூன்று என்று அடித்தேன், ஒரு நிமிஷ வேலை. மூலை கத்தி போல வந்தது, அப்படிப்பட்ட மூலையில்தான் பாரம் குவிந்து விரிசல் பிடிக்கும். அவர் ஆர்டர் கொடுத்த பன்னிரண்டையும் அப்படியே ஓட்டினேன். அச்சா உக்காந்துடுச்சுக்கா, உங்க கையே கை என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் மாமா கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டான், ஆனால் பஃபிங் சக்கரம் அந்த மூலைக்குள் போகவில்லை, டூல் கீறின கோடு ஒரு வளையமாக உள்ளேயே நின்றுவிட்டது. அதையும் என்னிடம் காட்டினான். உள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான் என்று சொன்னது நான்தான்.

எட்டிப் பார்க்க ஏழு மாதம் ஆனது. முதியோர் விடுதியில் அந்த அம்மாளை அந்த வண்டியால் கட்டிலிலிருந்து தூக்கும்போது ஷாஃப்ட் அந்த மூலையில் வெட்டியதைப் போல அறுந்து, அவர்கள் தரையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது, ஒன்பதாம் நாள் போய்விட்டார்கள். இதுவரை உனக்குத் தெரியும். சோதனைக்கூடத்து அறிக்கையில் எஸ்.எஸ். எஃகு சரியான ரகம், வெளிப் பாலிஷில் குற்றமில்லை, மூலை வளைவு மட்டும் டிராயிங்படி இல்லை என்று வந்தது. மீதி பதினொன்றையும் கழற்றிப் பார்த்ததில் மூன்றில் அதே இடத்தில் மயிரிழை விரிசல். விசாரணை அதிகாரி பட்டறைக்கு வந்து புரோகிராம் யார் போட்டது என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, அக்கா பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்புறான் சார், நாங்க பட்டனை அமுக்குறதோட சரி என்றான். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு மாமா என்னிடம், அவன் தூரத்துல இருக்கான், அவனை யாரு என்ன பண்ணிட முடியும், உன்னை உள்ள வெச்சா பட்டறை என்னாகும் என்றான். உன் பழைய கம்ப்யூட்டரோடு அந்த ஃபைலும் போய்விட்டது, சரிபார்க்க உன்னிடம் எதுவும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டுக்கும் நடுவில் பெற்றவளே நின்றேன். நீ போனில் அழுதாய், எங்கே தப்பு விட்டேன்னே தெரியலம்மா, உங்களுக்கெல்லாம் தலைகுனிவாப் போச்சு, மன்னிச்சிடுங்க என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா, விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு என்றேன். நான் உன்னை மன்னித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்க அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். யார் என்று சொல்லவில்லை, உங்கம்மாவைத் தெரியும் என்று மட்டும் சொன்னேன், அதுவும் பொய். முன்னறையில் அவர்களுடைய மூக்குக் கண்ணாடியும் பாதி பின்னிய ஸ்வெட்டரும் எடுக்காமல் அப்படியே இருந்தன. மகள் உன் வயதுதான் இருப்பாள். கோபமாகப் பேசுவாள் என்று பயந்து போனேன், அவள் மெதுவாக, கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு நம்பரை மாத்திப் போட்டுட்டானாம் ஒரு பையன், அவனை நினைச்சாத்தான் எனக்கு ராத்திரி பகலா எரியுது என்றாள். பிறகு, அவனுக்கு அம்மா இருக்காங்களான்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு, நான் வரேன் என்றார், அதோடு சரி. திங்கட்கிழமை அதிகாரியிடம் என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டறைக்குச் சீல் வைத்தாகிவிட்டது, மாமா எங்களோடு பேசுவதில்லை, வக்கீல் தண்டனை இருக்கலாம் என்கிறார், எத்தனை காலம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. பிள்ளையைக் காப்பாற்ற அம்மா பொய்யாகப் பழியை ஏற்கிறாள் என்று நீ நினைக்கக்கூடும், அம்மாக்கள் அப்படித்தான் என்று ஊர் சொல்லி வைத்திருக்கிறது. நான் செய்தது அதற்கு நேர் எதிர். திரும்பி வந்த அந்தச் சோதனைத் துண்டுகளில் ஒன்று அதிகாரியிடம் இருக்கிறது, மற்றதை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பாலிஷ் போடாதது, பிசிர் கையைக் கிழிக்கும், பார்த்து எடு. மூலையில் கேஜை வைத்து நீயே அளந்துகொள், இரண்டு இருக்கும். அதுதான் நீ அனுப்பியது.

பதினாறு நாள் உன்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தேன். நீ இரவெல்லாம் கண் மூடவில்லை என்று தங்கை வந்து சொல்வாள். நான் கேட்டுக்கொண்டு போய்ப் படுப்பேன், தூக்கமும் வந்தது. இதை எந்த அதிகாரியும் என்னிடம் கேட்கப் போவதில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தப்பு உன்னுடையது என்று எழுதி வண்டிக்காரர் உனக்கு அனுப்பிய ஒப்புதல் கடிதத்தில் மறந்தும் கையெழுத்துப் போடாதே. உன் ஆபீசில் பெரியவரிடம் நீயாகப் போய் ஒப்புக்கொண்டாயாமே, இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு, அம்மாவின் மானம் போகும் என்று மடித்து வைக்காதே. ஊருக்குக் கிளம்பி வராதே, என் பக்கத்தில் நீ வந்து நிற்பதை என்னால் இப்போது தாங்க முடியாது. கோபம் எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாளும் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும், கேட்கிற தகுதி இல்லாவிட்டாலும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். அப்பாவின் ஆசியும் உண்டு, இதை எழுதச் சொல்லித் தலையசைத்தார்.

நாளைக் காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறுபடியும் போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் சரி, காறித் துப்பினாலும் சரி, அவனுக்கு அம்மா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா