ஏழு பேரு எறங்கினா ஆட்டம் உண்டு

தண்டையார்பேட்டை
3-8-2025

தோஸ்து ஜுபைருக்கு,

கோதண்டம் எழுதிக்கினது. நானும் என் சம்சாரம் ராஜாத்தியும் உசுரோட கீறோம். நீயும் உன் வூட்டுக்காரி ஜன்னத்தும் எண்ணூரு காத்துல நல்லா இருக்கணும். போன் பண்ணா கட் பண்ணிடுற. லெட்டர கட் பண்ண முடியாதில்ல, அதான் லாரிக்கார மஜீது கையில குடுத்தனுப்புறேன்.

நம்ம ஹார்பர் பிரதர்ஸ் ஃபுட்பால் டீமு கந்தலாயிடுச்சு நைனா. போன நோம்பு மாசம் கடைசி மேட்ச்ல தோத்து கீழ் டிவிஷனுக்கு எறங்கினோமா, ஸ்பான்சர் கைய விரிச்சிட்டாரு. நீ அன்னிக்கே கோச்சுக்கினு பூட்ட. பசங்க கன்டெய்னர் யார்டு, சோறு டெலிவரின்னு ஒவ்வொருத்தனா பூட்டானுங்க. நம்ம ஃபார்வர்டு அஃப்ரித்து கீறானே, போன வாரம் எனக்கே பிரியாணி எடுத்துக்கினு வந்து நிக்கிறான். "இன்னா மாஸ்டர், லெக் பீஸ் நானே கேட்டு வெச்சேன்"ன்றான். அவன திட்டறதா, பிரியாணிய துன்றதா? துன்னுட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

இன்னாத்துக்கு இத சொன்னேன்? ஆங். போன சனிக்கிழமை ஆளு சேராம, ஆடாமயே எதிர் டீமுக்கு வாக்ஓவர் குடுத்துட்டோம். இன்னொரு வாட்டி குடுத்தா லீக்லருந்து நம்ம பேரையே அடிச்சிடுவாங்க. பதினொரு பேரு இல்லாட்டியும் ஏழு பேரு எறங்கினா ஆட்டம் உண்டு. ஆறு பேரு கீறானுங்க. கோல்கீப்பர் தான் இல்ல. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் வந்து நில்லுபா.

மஜீது ஆரன் அடிச்சு பேஜார் பண்றான்.

உன் கோதண்டம்

எண்ணூர்
6-8-2025

மாஸ்டருக்கு சலாம்.

லெட்டர் கெடச்சுது. பிரியாணி கதை சொன்ன, நோம்பு மேட்ச்ல இன்னா நடந்துச்சுன்னு சொன்னியா? கேப்டன் நான். ஆஃப் டைம்ல எல்லார் எதிர்லயும், "நோம்பு புள்ள, வெயில்ல சுருண்டுடுவ, ஒக்காரு"ன்னு வெளிய எடுத்துட்ட. மீச மொளச்ச நாள்லருந்து நோம்போட தான் ஆடறேன், உனக்கு தெரியாதா? எதிர் டீம் பசங்க, "பாயிக்கு பால் சோறு ஊட்டு மாஸ்டர்"னு கலாய்ச்சானுங்க. பெஞ்சுல ஒக்காந்து டீமு முழுகறத பாத்தேன். அப்பறம் நோம்புக் கஞ்சிய நீயே தூக்கிக்கினு வந்து நீட்டுன. எப்டி எறங்கும்?

நான் வரல.

ஜுபைர்

எண்ணூர்
10-8-2025

மாஸ்டர்,

நேத்து வந்தேன். தண்ணி லாரி மறைவுல நின்னேன். ஷூ பையில இருந்துச்சு. கோல்ல யாருன்னு பாத்தா, நீ! என் பழைய ஜெர்சி உன் தொப்பைய தாண்டி எறங்கல. கோல் மேல கோல் வாங்கற. ஒரு பந்துக்கு வுழுந்தவன் எழுந்திருக்கல. நான் லாரிய வுட்டு ரெண்டு எட்டு வெச்சுட்டேன். "பெர்சு, தூங்கிட்டியா?"ன்னு எவனோ கத்துனான். நீ சிரிச்சுக்கினே எழுந்த. நான் அப்டியே நின்னுட்டேன்.

உள்ள வர எனக்கு ஒரு வார்த்த போதும். அன்னிக்கு என்ன வெளிய எடுத்தது தப்புன்னு சொல்லு. அடுத்த மேட்சுக்கு வரேன்.

ஜுபைர்

தண்டையார்பேட்டை
14-8-2025

ஜுபைரு,

குப்புற படுத்துக்கினு எழுதறேன். ராஜாத்தி இடுப்புல தைலம் தேய்க்குது, வாயால என்னையே தேய்க்குது. என் பேர ஆட்டக்காரன்னு பதிய போனப்போ அந்த ஆபீஸ் பையன் என் வயச பாத்து எழுந்து நின்னான்பா. தோத்தோம், ஆனா டீமு பேரு லீக்ல கீது.

நீ கேட்டத ரெண்டு நாளா நெனச்சுப் பாத்தேன். அன்னிக்கு நீ கோல் போஸ்ட்ட புடிச்சுக்கினு நின்ன. உதடு வெளுத்துப்போச்சு. மத்தவனுக்கு தெரியல, எனக்கு தெரிஞ்சுது. நீ வுழுந்திருந்தா ஜன்னத்து மூஞ்சில எப்டி முழிப்பேன்? எல்லார் எதிர்லயும் சொன்னது கலீஜ் தான், காதுல சொல்லிருக்கணும். ஆனா எடுத்தது தப்பில்ல. இன்னிக்கும் எடுப்பேன். உன்ன வரவெக்க தப்புன்னு ஒரு பொய் எழுதலாம். கை வரல.

சனிக்கிழமை நானே நிக்கிறேன், இடுப்புல துணி சுத்திக்கினு. நீ வந்தா உள்ள வா. வராங்காட்டி வுடு. கோச்சுக்க எனக்கு தெம்பு இல்ல நைனா.

கோதண்டம்